பறக்கும் அளவுகோலும் முத்திரை மரக்காலும்

(பரவையில் பஞ்சாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் சேர்ந்து நடத்திய கூட்டத்தில் ஆற்றிய உரை)



சில நாட்களுக்கு முன்னால் இந்தப் பக்கத்துக் கண்மாய் ஒன்றின் மேல் ஒரு சின்ன யந்திரம் வண்டு மாதிரி இரைந்துகொண்டு பறந்ததைப் பார்த்திருப்பீர்கள். கரையோரம் நாலு வாலிபர்கள் குடையை விரித்துக்கொண்டு, கையில் ஒரு பெட்டியை வைத்து அதை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகளுக்கு வேடிக்கை. பெரியவர்களுக்குக் கவலை.

அன்றைக்குச் சாயங்காலம் ஒரு அப்பத்தா என்னைப் பிடித்துக்கொண்டார். “ஏப்பா, அது எதுக்கு வந்துச்சு? எங்க குடிசையை அளந்துட்டுப் போகவா?” என்று கேட்டார். எனக்குச் சட்டென்று பதில் சொல்லத் தெரியவில்லை. நான் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன். விஷயம் தெரிந்த இஞ்சினீயரிங் பையன்கள் இரண்டு பேரைத் தேடிப்போய், நாலு நாள் உட்கார்ந்து கேட்டுப் படித்துக்கொண்டு வந்திருக்கிறேன். அப்பத்தாவுக்குச் சொல்லவேண்டிய பதிலை இன்று உங்கள் எல்லோருக்கும் சொல்லப்போகிறேன்.

யந்திரத்தைக் கண்டு பயப்படுகிற ஜாதி அல்ல நாம். ஆலையில் யந்திரத்தோடுதான் வாழ்கிறோம். ஆனால் எந்த யந்திரம் வந்தாலும் நாம் கேட்கிற முதல் கேள்வி ஒன்று உண்டு: இது யாருக்காக ஓடுகிறது?

ஒளியைக் கொண்டு அளப்பது எப்படி?

கிணற்றில் எவ்வளவு ஆழத்தில் தண்ணீர் கிடக்கிறது என்று தெரியவேண்டுமானால் என்ன செய்கிறோம்? ஒரு கல்லைப் போட்டுவிட்டு, சத்தம் வர எவ்வளவு நேரமாகிறது என்று காது கொடுத்துக் கேட்கிறோம். சீக்கிரம் சத்தம் வந்தால் தண்ணீர் மேலே கிடக்கிறது. தாமதமானால் ஆழத்தில் கிடக்கிறது. அந்தப் பறக்கும் யந்திரம் செய்வதும் இதே காரியம்தான். கல்லுக்குப் பதில் அது ஒளியைப் போடுகிறது. அந்த ஒளிக்குப் பெயர் லேசர். ஊசி மாதிரி மெல்லியதாக, சிதறாமல் போகிற ஒளி. 1960-ல் அமெரிக்காவில் தியடோர் மெய்மன் என்ற விஞ்ஞானி முதல் லேசரை எரித்துக் காட்டினார்.

ஒளி ஒரு விநாடியில் சுமார் மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. ஒரு விநாடியை நூறு கோடிக் கூறு போடுங்கள். அதில் ஒரு கூறு நேரத்தில் ஒளி ஏறக்குறைய ஒரு அடி தூரம் போகும். இந்தக் கூறுகளை எண்ணத் தெரிந்த கடிகாரம் அந்த யந்திரத்துக்குள் இருக்கிறது. ஒளியைத் தரைக்கு அனுப்புகிறது, பட்டுத் திரும்பி வருகிற நேரத்தை எண்ணுகிறது, போக வர இரண்டு தடவை என்பதால் பாதியாக வகுக்கிறது, தூரம் கிடைத்துவிடுகிறது. ஒரு விநாடிக்குள் இப்படிப் பல ஆயிரம் தடவை அளக்கிறது. பறக்கப் பறக்கத் தரையெங்கும் புள்ளிகள் விழுகின்றன. அந்தப் புள்ளிகளைச் சேர்த்தால் மேடும் பள்ளமும் கரையும் மடையும் கலுங்கும் அச்சு அசலாக எழுந்து நிற்கின்றன.

தண்ணீருக்கு அடியில் எப்படி? இங்கேதான் கெட்டிக்காரத்தனம். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி தண்ணீரின் மேற்பரப்பைத் தாண்டி உள்ளே அதிகம் போவதில்லை. பச்சை ஒளி தண்ணீருக்குள் இறங்கும். பச்சை லேசரை அனுப்பினால் ஒரு பங்கு நீரின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும். மறு பங்கு உள்ளே போய்த் தரையில் பட்டுத் திரும்பும். முதல் பதிலுக்கும் இரண்டாவது பதிலுக்கும் உள்ள இடைவெளிதான் ஆழம்.

ஒரு கணக்குச் சொல்லுகிறேன். தண்ணீருக்குள் ஒளியின் வேகம் குறைந்துவிடும். ஒரு அடி போன நேரத்தில் முக்கால் அடிதான் போகும். இரண்டு பதிலுக்கும் நடுவே பதினாறு கூறு நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பதினாறு முக்கால் பன்னிரண்டு அடி. போக வர பன்னிரண்டு என்றால் ஆழம் ஆறு அடி. அவ்வளவுதான் சூத்திரம். தண்ணீரில் விட்ட கம்பு வளைந்து தெரிகிறதல்லவா? அது போல ஒளியும் நீருக்குள் நுழையும்போது வளையும். அந்த வளைவுக்கும் ஒரு கணக்குப் போட்டுத் திருத்திக்கொள்கிறார்கள்.

இந்த வித்தை நம்மைப் போன்றவர்களுக்காகப் பிறந்ததல்ல. 1960-களில் கடலுக்கடியில் ஒளிந்திருக்கிற நீர்மூழ்கிக் கப்பலைத் தேட வேண்டும் என்ற இராணுவ யோசனையிலிருந்து வளர்ந்தது இது. 1993-ல் ஆஸ்திரேலியக் கடற்படை பெரிய விமானத்தில் இதை வைத்துத் தன் கடலோரத்தை அளக்க ஆரம்பித்தது. விமானம் தேவைப்பட்ட கருவி வர வரச் சிறுத்து, இன்று ஒரு ஆள் தூக்கிப்போகிற ட்ரோனில் ஏறிவிட்டது.

எங்கே உதவும், எங்கே உதவாது?

யந்திரம் விற்கிறவன் அதனால் முடியாததைச் சொல்லமாட்டான். நாம் சொல்லவேண்டும்.

பச்சை லேசருக்குத் தெளிந்த தண்ணீர் வேண்டும். 1865-ல் இத்தாலி தேசத்து செக்கி என்பவர் ஒரு சுலபமான பரீட்சை கண்டுபிடித்தார். வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் இறக்கினார். எந்த ஆழத்தில் தட்டு கண்ணுக்கு மறைகிறதோ அதுதான் தெளிவின் அளவு. சிறிய லேசர் கருவி அந்த ஆழத்தைப் போல ஒன்றரை மடங்கு காணும். நல்ல கருவியானால் இரண்டு மூன்று மடங்கு காணும். பவளப்பாறை இருக்கிற தெளிந்த கடலில் இது பிரமாதமாக வேலை செய்யும். நம் கண்மாயில் மழைக்குப் பிறகு செம்மண் கரைந்து டீத் தண்ணீர் மாதிரி கிடக்குமே, அங்கே தட்டு ஒரு முழம் இறங்குவதற்குள் மறைந்துவிடும். லேசரும் அங்கே குருடுதான். ஆகாயத்தாமரை மூடிக் கிடந்தால் கேட்கவே வேண்டாம்.

அதனால் கலங்கிய நீரில் படகில் போய், ஒலியை அடிமட்டத்துக்கு அனுப்பி எதிரொலியை வாங்குகிற கருவியைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஒலி தண்ணீருக்குள் விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும். கலங்கலைப் பற்றி அது அவ்வளவாகக் கவலைப்படாது.

ஆனால் தோழர்களே, நம் கண்மாய்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. பங்குனி சித்திரையில் அவை காய்ந்து கிடக்கும்! அப்போது பச்சை லேசரும் வேண்டாம், படகும் வேண்டாம். சாதாரண லேசரே போதும். சீமைக் கருவேலம் மண்டிக் கிடந்தாலும், இலையிடுக்கில் நுழைந்து தரையைத் தொடுகிற ஒளிப் புள்ளிகள் கொஞ்சமாவது கிடைக்கும். புகைப்படக் கருவிக்கு மரத்தின் தலைதான் தெரியும். லேசருக்கு மரத்தின் காலடியும் தெரியும்.

கடலோரத்தில் இதன் பிரயோஜனம் வேறு மாதிரி. அலை உடைகிற ஆழமில்லாத இடத்துக்குள் அளவைக் கப்பல் வர முடியாது, தரை தட்டும். கரையில் நடந்து அளக்கிறவனும் தண்ணீருக்குள் போக முடியாது. இரண்டுக்கும் நடுவே ஒரு பட்டை நிலம் எந்த வரைபடத்திலும் சரியாக ஏறாமல் வெறும் வெள்ளையாகவே கிடந்தது. அந்தப் பட்டையில்தான் வள்ளம் வலிக்கிறவன் வாழ்கிறான். 2004 டிசம்பர் 26-ந் தேதி சுனாமி வந்தபோது, ஊருக்குள் தண்ணீர் எவ்வளவு தூரம் ஏறியது என்பதைத் தீர்மானித்ததில் கரையோரக் கடலடியின் மேடு பள்ளத்துக்குப் பெரிய பங்கு உண்டு. தமிழ்நாட்டின் கடற்கரையில் 42.7 சதவிகிதம் அரிப்புக்கு உள்ளாகியிருக்கிறது என்று, 1990 முதல் 2018 வரை நடந்த மாற்றத்தை ஆராய்ந்த மத்திய சர்க்காரின் தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் கூறியது. எந்தக் குப்பத்தைக் கடல் முதலில் தின்னும் என்று முன்கூட்டிச் சொல்ல இந்தக் கருவி உதவுமானால், இதை வாழ்த்துவோம்.

அளக்கிறவன் யார்?

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அளவு என்பது வெறும் கணக்கு அல்ல. அது அதிகாரம்.

வெள்ளைக்காரன் இந்த நாட்டைப் பிடித்தவுடன் செய்த முதல் காரியங்களில் ஒன்று அளந்ததுதான். 1794-ல் சென்னையில் சர்வே பள்ளிக்கூடம் திறந்தான். 1802-ல் பரங்கிமலைக்குப் பக்கத்தில் லாம்டன் என்ற இராணுவ அதிகாரி சங்கிலி பிடித்து ஆரம்பித்த அளவை, தேசம் முழுவதும் போயிற்று. வெயிலில் சங்கிலி இழுத்தவர்கள் நம்முடைய ஆட்கள். வரைபடம் போய்ச் சேர்ந்தது கும்பினிக் கஜானாவுக்கு. எந்த வயலில் எவ்வளவு தீர்வை கறக்கலாம் என்று தெரிந்துகொள்ள அந்தப் படம் வேண்டியிருந்தது.

நானே வாலிபத்தில் தினக்கூலிக்குச் சங்கிலி பிடித்தவன். அறுபத்தாறு அடி, நூறு கண்ணி. ஒரு ஊரில் கண்மாயின் உள்வாயை அளந்தோம். ஏழைகள் கீரைப் பாத்தி போட்டிருந்த இடமெல்லாம் அங்குலம் பிசகாமல் அளந்து ‘ஆக்கிரமிப்பு’ என்று எழுதினார்கள். பெரிய மனிதர் ஒருவருடைய தென்னந்தோப்பு வந்தது. வேலிக்கு வெளியே இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். “இங்கேயே நில்லு” என்றார் அளவைக்காரர். நான் நின்றேன். தோப்பு கண்மாய்க்கு வெளியே போய்விட்டது! இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. சங்கிலி பொய் சொல்லவில்லை. சங்கிலி பிடித்தவன் நின்ற இடம் பொய் சொல்லிற்று.

லேசர் இளநீர் குடிக்காது. உண்மைதான். ஆனால் அதை எங்கே பறக்கவிடுவது, எந்தக் கோட்டோடு நிறுத்துவது, வந்த படத்தை யாரிடம் காட்டுவது என்று முடிவு செய்கிறவன் குடிப்பான்.

எண்ணூரில் என்ன நடந்தது? 1996-ல் மத்திய சர்க்கார் ஒப்புக்கொண்ட கடலோர வரைபடத்தில் சுமார் 6,500 ஏக்கர் கழிமுகம் பாதுகாக்கப்பட்ட பகுதியாக இருந்தது. பின்னால் காட்டப்பட்ட இன்னொரு படத்தில் அந்தக் கழிமுகமே காணோம்! மீனவ மக்களும் அவர்களோடு நின்றவர்களும் தகவல் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்தி 2017-ல் இதை அம்பலப்படுத்தினார்கள். ஆறு அங்கேயே ஓடிக்கொண்டிருந்தது. காகிதத்தில்தான் வற்றிப்போயிற்று.

நம் கையிலும் பிடிபடும்

ஆனால் அளவு நம் பக்கமும் பேசும். அதையும் நம் ஜில்லாவே கண்டிருக்கிறது.

2012 மே மாதம், மதுரை கலெக்டராக இருந்த சகாயம், கிரானைட் குவாரிகளால் சர்க்காருக்கு 16,338 கோடி ரூபாய் நஷ்டம் என்று எழுதினார். அதே வருஷம் மேலூர்ப் பக்கத்துக் குவாரிகளை அளக்க, சென்னை அண்ணா பல்கலைக் கழகத்தின் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யிலிருந்து ஆளில்லாத குட்டி விமானத்தைக் கொண்டுவந்தார்கள். அது தாங்கி வந்தது படக்கருவி. மனிதன் நுழைய முடியாத வேலிக்குள்ளே என்ன நடந்தது என்பதை அது மேலே இருந்து பார்த்தது. மலையும் கண்மாயும் வாய்க்காலும் இருந்த இடத்தில் பாதாளம் தெரிந்தது.

2023-ல் ஆற்று மணல் விஷயம் வந்தது. அமலாக்கத் துறையின் ஏற்பாட்டில் கான்பூர் ஐ.ஐ.டி. நிபுணர்கள் தமிழ்நாட்டில் 28 மணல் குவாரிகளை ஆராய்ந்தார்கள். வானிலிருந்து எடுத்த அளவு, நீருக்கடியில் எடுத்த ஆழ அளவு, செயற்கைக் கோள் படம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தார்கள். கணக்கில் காட்டிய வருமானம் 36.45 கோடி ரூபாய். அள்ளிய மணலின் மதிப்பு 4,730 கோடி ரூபாய் என்று அந்தத் துறை கூறியது. இது ஒரு தரப்பின் கணக்கு. அதன் பின்னால் உள்ள அரசியல் வேறு. வழக்கு கோர்ட்டுகளில் இழுபட்டது வேறு. நான் சொல்ல வருவது ஒன்றுதான். அள்ளிய மணல் லாரி ஏறிப் போய்விடும், ரசீது கிழிந்துவிடும், ஆனால் ஆற்றின் வயிற்றில் விழுந்த பள்ளம் ஓடிப்போகாது. அதை அளக்க முடியும்.

இதே கணக்கு நம் கண்மாய்க்கும் பொருந்தும். தூர் வாருகிற காண்டிராக்டர், பத்து ஏக்கரில் இரண்டடி மண் எடுத்தேன் என்று பில் போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏக்கர் ஒன்றுக்கு 43,560 சதுர அடி. பத்து ஏக்கருக்கு இரண்டடி என்றால் 8,71,200 கன அடி. எடுத்ததோ ஒரு அடிதான். பாதிப் பணம் எங்கே போயிற்று? வேலைக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை அளந்து வைத்திருந்தால், ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துவிட்டு முகத்துக்கு நேரே கேட்கலாம். 2005-ம் வருஷச் சட்டப்படி நடந்த நூறு நாள் வேலையில், நம் பெண்கள் வெட்டிய குழியை அங்குலக் கணக்கில் அளந்து கூலியைக் குறைத்தார்களே! கூடை சுமந்தவளின் குழியை அளக்கத் தெரிந்த சர்க்காருக்குக் காண்டிராக்டரின் குழியை அளக்கத் தெரியாதா?

முத்திரை மரக்கால்

தோழர்களே, அளவுக்கான போராட்டம் நமக்குப் புதிதல்ல. 1940-களில் கீழத் தஞ்சையில் பி. சீனிவாசராவ் முன்னின்று பண்ணையாட்களைத் திரட்டியபோது, சாட்டையடியை நிறுத்து என்று கேட்டதோடு இன்னொன்றும் கேட்டார்கள்: கூலி நெல்லை முத்திரை போட்ட மரக்காலில் அள! ஏன் கேட்டார்கள்? வாங்குகிறபோது பெரிய மரக்கால், கொடுக்கிறபோது சின்ன மரக்கால் வைத்திருந்த காலம் அது. மரக்காலை உடைத்துப் போடு என்று அவர்கள் சொல்லவில்லை. எல்லோருக்கும் ஒரே மரக்கால், எல்லோரும் பார்க்கிற மரக்கால் என்றார்கள்.

ஆலைத் தோழர்களுக்கு இது தெரியும். ஸ்பின்னிங்கில் ஹாங்க் மீட்டர் ஓடுகிறது. மீட்டர் வேண்டாம் என்றா சங்கம் சொல்லிற்று? மீட்டரைத் தொழிலாளி கண் முன்னால் படி, படித்ததை எழுதிப் போடு என்றுதான் சொல்லிற்று.

பறக்கும் அளவுகோலுக்கும் நாம் கேட்கவேண்டியது அதே முத்திரைதான்.

தமிழ்நாட்டில் 39,000-க்கு மேற்பட்ட ஏரி கண்மாய்கள் இருக்கின்றன. அவற்றை அளந்து எல்லை காட்டி ஆக்கிரமிப்பை அகற்றுவதற்கு 2007-லேயே சட்டம் போட்டார்கள். சட்டத்தின் குச்சி முதலில் எங்கே விழுகிறது? கண்மாய்க் கரையில் ஓலைக் கொட்டகை போட்டவன் தலையில்! மதுரையில் மாநகராட்சிக் கட்டடம் தல்லாகுளம் கண்மாயில் எழுந்தது. 2004-ல் திறந்த உயர்நீதிமன்றக் கிளை உலகனேரிக் கண்மாயில் எழுந்தது. ஊரறிந்த விஷயம். அவற்றை இடிக்கச் சொல்லி நான் பேசவில்லை. அவற்றுக்கு ஒரு நியாயம், அப்பத்தாவின் குடிசைக்கு ஒரு நியாயமா என்று கேட்கிறேன்.

இதையும் நினைவில் வையுங்கள். லேசருக்கு மண்ணின் மேடு பள்ளம் தெரியும், பட்டா தெரியாது. இன்றைக்குத் தரை இருக்கிற தினுசு தெரியும். ஐம்பது வருஷத்துக்கு முன் தண்ணீர் எதுவரை ஏறி நின்றது என்று தெரியாது. அது பழைய புலப்படத்துக்கும், ‘அ’ பதிவேட்டுக்கும், கண்மாயில் மடை திறந்து வளர்ந்த பெரியவர்களுக்கும்தான் தெரியும். மூன்றும் சேர்ந்தால்தான் எல்லை உண்மையான எல்லை.

நாம் கேட்பது

ஆகவே இந்தக் கூட்டத்தின் சார்பில் சில கோரிக்கைகளை உங்கள் முன் வைக்கிறேன்.

ஒன்று: எந்தக் கண்மாயையும் ஆற்றையும் அளப்பதற்கு முன் ஊரில் தண்டோராப் போட்டுச் சொல்லவேண்டும். அளக்கிறபோது ஊரார் சார்பில் ஆண்களும் பெண்களும் கூட நிற்கவேண்டும்.

இரண்டு: வந்த படத்தைத் தமிழில், ஏக்கர் செண்ட் கணக்கில், எல்லோரும் பார்க்கும்படி பேரூராட்சி அலுவலகத்திலும் ஊர்ச் சாவடியிலும் ஒட்டவேண்டும். ஆட்சேபணை சொல்ல அவகாசம் தரவேண்டும்.

மூன்று: கோடையில் தரை காய்ந்திருக்கிறபோது ஒரு தடவை, பெருமழைக்குப் பின் நீர் நிரம்பி நிற்கிறபோது ஒரு தடவை அளக்கவேண்டும். உள்வாய் மட்டும் அல்ல, வரத்துக்காலையும் சேர்த்து அளக்கவேண்டும். வாய்க்கால் செத்த கண்மாய், கால் ஒடிந்த மாடு.

நான்கு: தூர் வாருவதற்கு முன்னும் பின்னும் அளந்து, வித்தியாசத்துக்கு மட்டுமே பணம் கொடுக்கவேண்டும்.

ஐந்து: ஆக்கிரமிப்புப் பட்டியலில் பெரிய பரப்புக்காரன் பெயர் முதலில் வரவேண்டும். குடியிருக்கிற ஏழைக்கு மாற்று இடமும் பட்டாவும் கையில் கொடுக்காமல் ஒரு ஓலையைக்கூடத் தொடக்கூடாது.

ஆறு: சங்கிலி பிடித்துப் பிழைத்த தொழிலாளிக்கும் நம் பிள்ளைகளுக்கும் இந்தக் கருவியை ஓட்டக் கற்றுக்கொடுக்கவேண்டும். கருவி வந்தது, ஆளை அனுப்பிவிட்டோம் என்ற கதை இங்கே நடக்கக்கூடாது.

அப்பத்தா முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்குப் பதில் சொல்லிவிட்டு முடிக்கிறேன். அப்பத்தா! அந்த வண்டு உங்கள் குடிசையையும் அளந்தது. அதற்கு உங்கள் மேல் விரோதமும் இல்லை, பாசமும் இல்லை. அது எழுதிக்கொண்டு போனதை நாம் கேட்டு வாங்காவிட்டால் அது உங்கள் குடிசையைப் பிரிக்கிற ஓலையாக வரும். ஊர் சேர்ந்து கேட்டு வாங்கினால், கண்மாயைத் தின்றவன் யார் என்று சொல்கிற சாட்சியாக வரும்.

வரும் திங்கட்கிழமை காலை, பரவையிலிருந்து எல்லோருமாகப் புறப்பட்டுத் தாலுகா ஆபீசுக்குப் போகிறோம். கையில் கொடி இருக்கட்டும். கூடவே உங்கள் வீட்டில் பழைய பட்டா, சிட்டா, தீர்வை ரசீது என்ன இருக்கிறதோ அதையும் எடுத்து வாருங்கள். கண்மாயின் பழைய கரை எது என்று காட்டத் தெரிந்த பெரியவர்களைக் கையைப் பிடித்து அழைத்து வாருங்கள்.

படத்தைக் காட்டு என்று கேட்போம். காட்டுகிற வரை கேட்போம்.